எதிலே நூற்றுக்கு? வீதக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலபோக அறுவடை தொடங்கினால் கிளிநொச்சியில் பரந்தன் பக்கம் வீதியோரமெல்லாம் நெல் காயும். மெசினால் வெட்டி இறக்கிய கையோடு பார்த்தால் ஈரம் 20 வீதம், சில வேளை அதற்கும் மேலே. நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு உத்தரவாத விலையில் கொடுக்க வேண்டுமென்றால் 14 வீதத்துக்கு இறக்க வேண்டும். சரி, 20 வீத ஈரமுள்ள 1000 கிலோ நெல்லை 14 வீதத்துக்குக் காயவைத்தால் எத்தனை கிலோ மிஞ்சும்? கேட்டுப் பாருங்கள். "20இல் 14 போனால் 6. அப்ப 60 கிலோ குறையும், 940 மிஞ்சும்" என்பார்கள்.

மிஞ்சுவது 930 கிலோதான். அந்த 1000 கிலோவில் 200 கிலோ தண்ணீர், 800 கிலோ உலர்ந்த பகுதி. வெயிலில் போவது தண்ணீர் மட்டும். 800 அப்படியே நிற்கும். காய்ந்த பிறகு அந்த 800தான் மொத்த நிறையில் 86 வீதம். 800ஐ 0.86ஆல் வகுத்தால் 930 வரும். 20 வீதம் என்றது பச்சை நெல்லின் நிறையில். 14 வீதம் என்பது காய்ந்த நெல்லின் நிறையில். அடித்தொகை, அதாவது நூறாக வைக்கும் தொகை, மாறிவிட்டதால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க முடியாது. ஈரம் 24 வீதமென்றால் இன்னும் மோசம்: 100 கிலோ குறையும் என்று நினைப்போம், 116 கிலோ போய்விடும்.

பத்துக் கிலோவுக்கு இவ்வளவு கதையா என்று கேட்கலாம். 2025இல் அரசாங்கம் அறிவித்த விலை நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய். வயலுக்கே வந்து பச்சையாக 105 ரூபாய்க்கு எடுக்கிறேன் என்று ஒரு வியாபாரி சொல்கிறார் என்று வையுங்கள். பச்சையாக விற்றால் 105,000. காயவைத்து விற்றால் 930 கிலோவுக்கு 111,600. மிச்சம் 6,600 ரூபாய். 940 என்று போட்டவருக்கு அது 7,800 ஆகத் தெரியும். கூலி, படங்கு, ஏற்றுகூலி, இடையில் மழை வந்தால் அள்ளிக் கட்டும் பாடு எல்லாம் இந்த மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். காயவைப்பதா, விற்பதா என்ற முடிவே அந்த 1,200 ரூபாயில் மாறலாம்.

இன்னொன்று, நெல் வாங்க வருபவர்கள் ஈரத்துக்கென்று சொல்லும் "மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவு" என்ற பேச்சு. 70 கிலோ மூட்டையில் 2 கிலோ என்பது கிட்டத்தட்ட 3 வீதம். 100 மூட்டை கொடுத்தால் 200 கிலோ, அதே 120 ரூபாய்ப்படி 24,000. ஈரத்துக்கென்று விலையிலும் குறைத்து, நிறையிலும் கழித்தால் ஒரே ஈரத்துக்கு இரண்டு தரம் கொடுக்கிறீர்கள். அதை நேரே கேட்கலாம், கேட்க வேண்டும்.

அடுத்தது கடன். வீதக் கணக்கில் ஆளை உண்மையில் விழுத்துவது இதுதான். "ஒரு லட்சம் கடன், வருடத்துக்கு 20 வீதம், 12 மாதத்தில் கட்டி முடிக்கலாம்." மாதம் 10,000 ரூபாய்ப்படி 120,000 கட்டுகிறோம். இருபதாயிரம் வட்டி, 20 வீதம், கணக்குச் சரி என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஒரு லட்சம் வருடம் முழுக்க உங்கள் கையில் இருக்கவில்லை. முதல் மாதம் முழுத்தொகை, ஆறாம் மாதமளவில் ஏறக்குறைய அரைவாசி, கடைசி மாதத்தில் பத்தாயிரமும் இல்லை. வட்டி மட்டும் கடைசிவரை முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறைந்து வரும் மீதிக்கு வட்டி என்று கணக்குப் பார்த்தால் இந்தக் கடனின் வீதம் வருடத்துக்குச் சுமார் 35. ஆவணச் செலவு, காப்புறுதி என்று ஆரம்பத்திலேயே 3,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 97,000ஐக் கையில் தந்தால் 41ஐத் தாண்டும். இதனால்தான் "எத்தனை வீதம்?" என்ற கேள்வி மட்டும் போதாது. "முழுத்தொகைக்கா, மீதிக்கா?" என்பது அதைவிட முக்கியமான கேள்வி. என்னைக் கேட்டால், 20 வீதம் என்று பெரிய எழுத்தில் போடுபவர்கள் பக்கத்திலேயே அந்த 35ஐயும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.

கைமாற்று வட்டியில் வேறு விதமான மயக்கம் இருக்கிறது. "நூற்றுக்கு அஞ்சு" என்றால் மாதத்துக்கு. வங்கிக்காரர் 14 என்றால் வருடத்துக்கு. 5ஐயும் 14ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. மாதம் 5 என்பது வருடத்துக்கு 60. கட்டாத வட்டியை முதலோடு சேர்த்துக்கொண்டே போனால் வருட முடிவில் ஒரு லட்சம் 179,600 அளவுக்கு வந்து நிற்கும்.

ஏறுவதும் இறங்குவதும் ஒரே வீதத்தில் நடக்காது. ஏக்கருக்கு 30 மூட்டை விளைந்த வயல் வெள்ளத்தால் 20க்கு இறங்கினால் 33 வீத வீழ்ச்சி. அடுத்த போகம் திரும்ப 30 வந்தால் அது 50 வீத வளர்ச்சி. "விளைச்சல் 50 வீதம் அதிகரிப்பு" என்று செய்தி வரும். நீங்கள் பழைய இடத்துக்குத்தான் வந்திருப்பீர்கள். தீபாவளிக்கு உடுப்புக்கடைகளில் போடும் "50 வீதக் கழிவு, அதற்கு மேல் 20 வீதம்" என்பதும் இதே சங்கதி. 70 வீதம் குறையாது. 1000 ரூபாய்ச் சட்டை முதலில் 500 ஆகும், பிறகு அந்த 500இல்தான் 20 வீதம். 400 கட்ட வேண்டும், அதாவது 60 வீதக் கழிவு.

"பணவீக்கம் குறைஞ்சிட்டுதாம், பிறகேன் சாமான் விலை இறங்கேல்லை?" என்று கேட்காத ஆள் இல்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். 2023 செப்டெம்பரில் 1.3. குறைந்தது விலை ஏறும் வேகம். 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் முதலில் சுமார் 170 ஆனது. அந்த 170க்கு மேல் இன்னும் 1.3 வீதம் ஏறி 172 ஆனது. விலை இறங்க வேண்டுமென்றால் அந்த வீதத்துக்கு முன்னால் கழித்தல் குறி வர வேண்டும்.

பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1இல் 15இலிருந்து 18 ஆனபோதும் இப்படித்தான். 3 வீதம் கூடியது என்றார்கள். 18இலிருந்து 15ஐ நேரே கழித்து வரும் வீதப் புள்ளியில் 3தான். அரசாங்கத்துக்குப் போகும் வரிக்காசு 20 வீதம் கூடியது, ஏனென்றால் 15 ரூபாய் கட்டிய இடத்தில் 18 கட்டுகிறோம். நீங்கள் கடையில் கொடுக்கும் முழு விலை 115இலிருந்து 118, அதாவது 2.6 வீதம் ஏற்றம். மூன்றும் சரி, எதை நூறாக வைத்தோம் என்பதில்தான் வேறுபாடு. பில்லில் வரியோடு சேர்த்து 1180 ரூபாய் என்றிருந்தால், உள்ளே இருக்கும் வரியைக் காண 1180இல் 18 வீதம் எடுக்காதீர்கள். 212 ரூபாய் வந்துவிடும். 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்க வேண்டும், வரி 180.

பாடசாலைப் பெறுபேறுகளில் சின்ன எண்கள் பெரிய வேலை செய்யும். உள்ளூர்ப் பாடசாலையில் பரீட்சை எழுதிய 10 பிள்ளைகளும் சித்தி, 100 வீதம். நகரப் பாடசாலையில் 100 பேர் எழுதி 60 பேர் சித்தி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 80 வீதம் என்று சொன்னால் பிழை. மொத்தம் 110 பேரில் 70 பேர்தான், 64 வீதமும் இல்லை. சராசரிகளைச் சராசரியாக்கும் முன் தலைகளை எண்ணுங்கள்.

குளத்து நீர்மட்டத்தையும் வீதமாக மாற்றிச் சொல்கிறார்கள். கிளிநொச்சியின் இரணைமடு புனரமைப்புக்குப் பிறகு 36 அடிக் குளம். 18 அடி நிற்கிறது என்றால் அரைக்குளம் என்று எண்ணி விதைப்பு ஏக்கரைப் பேசக் கூடாது. குளம் மேலே அகன்று கீழே ஒடுங்குவது. மேல் அடி ஒவ்வொன்றும் கீழ் அடியைவிட அதிக தண்ணீர் பிடிக்கும். 18 அடியில் இருக்கும் தண்ணீர் கொள்ளளவில் பாதியைவிட நன்றாகக் குறைவு. அடியை விட்டு ஏக்கர் அடிக் கணக்கை (ஒரு ஏக்கர் பரப்பில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர் அடி) கேளுங்கள், நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் இருக்கும்.

கடைசியாக, போன் எடுக்காமலே போடக்கூடிய ஒரு சுருக்கு வழி. வீதத்தையும் தொகையையும் இடம் மாற்றினாலும் விடை மாறாது. 25இல் 8 வீதம் கடினமாகத் தோன்றினால் 8இல் 25 வீதம் என்று வையுங்கள், கால்வாசி, 2. யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூட்டையில் எவ்வளவு? 46இல் 50 வீதம், அரைவாசி, 23 கிலோ.