மழைக்கால மாலையில் கைபேசியும் குழந்தையின் எடையும்

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நம் நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டுவிடுகிறார்கள். அது ஓய்ந்ததும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழையின் முறை வருகிறது. மழையில்லாத நாளிலும், பொழுது சாய்ந்தபின் தேயிலைத் தோட்டப் பாதையில் காட்டெருமை நிற்கக்கூடும் என்பதால் பிள்ளையை வெளியே அனுப்ப யாரும் துணிவதில்லை. ஆகவே, மாலையில் விளையாட விடுங்கள் என்று சமவெளியில் சொல்லப்படும் அறிவுரை இங்கே பாதி நாட்களுக்குப் பொருந்தாது. பிள்ளையின் கைபேசி நேரத்தையும் எடையையும் கட்டுக்குள் வைக்க நாம் தொடங்க வேண்டிய இடம் சாப்பாட்டு நேரம்.

இதற்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் 192 தொடக்கப்பள்ளி மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஆய்வில், தொலைக்காட்சியைக் குறைக்கக் கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் உடல் நிறை குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் அளவு) மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே கூடியது. அவர்களின் உடலுழைப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. தொலைக்காட்சியின் முன் அமர்ந்து உண்ணும் வேளைகள்தாம் குறைந்திருந்தன.

அதன் காரணத்தை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். மகன் கைபேசியில் கண்ணை வைத்தபடி, வர்க்கி என்னும் மொறுமொறுப்பான தின்பண்டத்தைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். கை பொட்டலத்துக்குள் துழாவி, ஒன்றும் அகப்படாதபோதுதான் நிமிர்ந்து பார்த்தான். எதிரே அமர்ந்திருந்த நானும் அப்போது கைபேசியில்தான் இருந்தேன்.

எனவே, முதல் வாரம் பிள்ளைக்கு எந்த விதியும் போடாமல், உங்கள் கைபேசியின் அமைப்புகளில் காட்டப்படும் அன்றாடப் பயன்பாட்டு நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள். பெற்றோர் திரையில் செலவிடும் நேரம் கூடும் வீடுகளில் பிள்ளைகளின் நேரமும் கூடுவது பல ஆய்வுகளில் காணப்பட்டதே. அடுத்த வாரம், இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே எல்லாக் கைபேசிகளையும் வாசலருகே ஓர் அலமாரியில் வையுங்கள். முதலில் வைக்கப்படுவது உங்களுடையதாக இருக்க வேண்டும். வாடகை வண்டி ஓட்டுபவர்களுக்கும் விடுதி நடத்துபவர்களுக்கும் அழைப்பைத் தவிர்க்க முடியாது என்பதை அறிவேன். மணி அடித்தால் எழுந்து போய்ப் பேசிவிட்டு, கைபேசியை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினால் போதும். பாட்டியின் தொடர் ஏழரைக்கு என்றால் பிள்ளையின் சாப்பாட்டை ஏழுக்கு மாற்றிவிடுங்கள். பாட்டியோடு மல்லுக்கு நிற்பதைவிட அது எளிது.

தின்பண்டத்தைப் பொட்டலத்தோடு கொடுக்காமல், அளவாகத் தட்டில் வைத்துக் கொடுங்கள். சாப்பிட்டு முடித்தால் கைபேசி என்று பேரம் பேசுவதை அறவே விடுங்கள். அது வயிறு நிறைந்த பின்னும் உண்ணப் பழக்குவதோடு, கைபேசியின் மதிப்பையும் ஏற்றிவிடுகிறது.

நேர வரம்பைப் பொறுத்தவரை, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் தெளிவானது: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும்.

தூக்கத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. அது குறைந்தால் பசி கூடும். குளிர் இரவில் கம்பளிக்குள் ஒளிரும் திரையைக் கண்டுபிடிப்பது கடினமாதலால், பெற்றோருடையது உட்பட எந்தக் கைபேசியும் படுக்கையறைக்குள் போகாதிருப்பதே நல்லது. எழுப்பும் மணிக்குப் பழைய கடிகாரம் ஒன்று போதும்.

மழை விட்ட பகலில் கட்டாயம் வெளியே விடுங்கள். பள்ளியிலிருந்து மேடேறி நடந்து வருவதும் உடலுழைப்பில் சேரும்.

வீட்டில் வாரந்தோறும் எடை பார்க்க வேண்டாம், குண்டு என்று கேலி செய்யவும் வேண்டாம். வளரும் பிள்ளையின் எடையை வயதோடும் உயரத்தோடும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் எடையையும் உயரத்தையும் அளந்து, வளர்ச்சி அட்டையில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.