தன்னார்வத் தொழில்நுட்பப் பணிக்குச் சான்று சேர்த்து வையுங்கள்

மைக்ரோசாஃப்ட் 1993 முதல் வழங்கிவரும் எம்விபி (மிக மதிப்புமிக்க வல்லுநர்) விருது, பிறருடைய ஐயங்களுக்கு விடையளித்தும் உரையாற்றியும் உதவும் தன்னார்வலர்களின் அண்மைக்காலப் பணியை எடைபோட்டே அளிக்கப்படுவதால், செய்த ஒவ்வொரு பணியையும் தேதி, இணைப்பு ஆகியவற்றுடன் உடனுக்குடன் ஒரு விரிதாளில் பதிந்து வையுங்கள். ஆண்டிறுதியில் நினைவிலிருந்து தொகுத்தால் பாதி விடுபட்டுப்போகும். நிரல் எழுதாதவர்களும் தயங்க வேண்டியதில்லை. தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டம் 2010-இல் வாக்கெடுப்பு நடத்தி, மொழிபெயர்ப்பாளர்கள், ஆவணம் எழுதுவோர் போன்றோரையும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாக ஏற்க வழிசெய்தது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பங்களிப்போர், கமிட்டில் (செய்த மாற்றத்தைச் சேமிக்கும் பதிவில்) பதிவாகும் மின்னஞ்சல் முகவரி தம் கணக்கிலும் சேர்க்கப்பட்டுள்ளதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் அந்த உழைப்பு அவர்களுடைய கணக்கில் காட்டப்படாது. தன்விவரக் குறிப்பில் வெறுமனே ‘தன்னார்வலர்’ என்று எழுதாமல், எந்தத் திட்டத்தில் எந்தப் பொறுப்பை ஏற்றீர்கள் என்பதை எழுதுங்கள். வேலை தேடுவோருக்கு, என் கருத்தில், விருதைவிட இதுவே கைகொடுக்கும்.