யுஎஸ்பி மோடம் வைத்து எஸ்எம்எஸ் கேட்வே: எல்லோரும் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஒரு கணினி, இரண்டு யுஎஸ்பி மோடம், காம்மு அல்லது கென்னல் போன்ற ஓர் இலவச மென்பொருள். இவ்வளவு இருந்தால் சொந்தமாக ஓர் எஸ்எம்எஸ் கேட்வே, அதாவது கணினியே குறுஞ்செய்தி அனுப்பவும் வாங்கவும் செய்யும் ஏற்பாடு, அமைத்துவிடலாம். குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலை எச்சரிக்கை, ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய தகவல், இணையம் எட்டாத தோட்டத்து மோட்டாரின் நிலை என்று இன்றைக்கும் இதற்கு வேலை இருக்கிறது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் அவ்வப்போது தங்கள் அமைப்புக் கோப்பை எனக்கு அனுப்பி, ஏன் ஓடவில்லை என்று கேட்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் எங்கள் தலைமுறை செய்த அதே கோளாறுகள், ஏறக்குறைய அதே வரிசையில்.

சிம்மின் பின் எண்ணை நீக்காதது, ரீசார்ஜ் தீர்ந்துபோனது, கோப்பைத் திறக்கும் அனுமதி இல்லாதது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை அரை மணி நேரத்தில் தாமே வெளியே வந்துவிடும். எல்லாம் சரியாக ஓடுவதுபோல் பாவனை காட்டிக்கொண்டே கெடுப்பவை வேறு.

கிடைத்த டாங்கிளை வாங்குவது

டாங்கிள் என்பது யுஎஸ்பியில் செருகும் சிறு மோடம். எஸ்எம்எஸ் கேட்வேக்கு வேண்டியது சீரியல் போர்ட் (எழுத்துக் கட்டளைகளை வாங்கும் வாயில்) காட்டும் மோடம். மோடங்களுக்கான ஏடி கட்டளை கொடுத்தால் ஓகே என்று பதில் சொல்ல வேண்டும். பின்னால் வந்த ஹைலிங்க் வகை டாங்கிள்கள் அப்படியல்ல. செருகினால் கணினிக்குத் தங்களை ஒரு நெட்வொர்க் கார்டாகவே காட்டிக்கொள்ளும், 192.168.8.1 என்ற முகவரியில் ஓர் இணையப் பக்கம் திறக்கும். இணையம் பார்க்க அது வசதி, நமக்கு ஆகாது. அந்தப் பக்கத்தின் வழியாகவே குறுஞ்செய்தி அனுப்ப நிரல் எழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் பொறுமைக்கு வணக்கம்.

அடுத்து, சிம்மையும் மோடத்தையும் பொருத்திப் பாருங்கள். ஜியோ 2016-இல் தொடங்கியபோதே 4ஜி மட்டும்தான். சிம்800, சிம்900 போன்ற 2ஜி மாட்யூலில் (சிறு மோடம் பலகை) அந்த சிம்மைப் போட்டுவிட்டு ஆண்டெனாவை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். ஏர்டெல் 3ஜியை மூடிவிட்டது, 2ஜியை வைத்திருக்கிறது. அதனால் பழைய 3ஜி டாங்கிளில் அந்த சிம் 2ஜிக்கு இறங்கிக் குறுஞ்செய்தி அனுப்பும்.

மோடம்மேனேஜரை ஓடவிடுவது

மோடங்களை நிர்வகிக்க உபுண்டு லினக்ஸில் வரும் மென்பொருள் அது. தானாகவே போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். நீக்கிவிடுங்கள்.

போர்ட் எண்ணை அமைப்புக் கோப்பில் எழுதிவைப்பது

இதைப் பற்றி மட்டும் நீளமாகத்தான் எழுத வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் அடுத்து வரும் கோப்பிலும் இதே வரி இருக்கிறது: டிடிஒய்யுஎஸ்பி0.

லினக்ஸில் மோடத்தைச் செருகினால் இப்படி ஒரு பெயர் கிடைக்கும். அந்தக் கடைசி எண் ரேஷன் கடை டோக்கன் மாதிரி: யார் முதலில் வந்தாரோ அவருக்குப் பூஜ்ஜியம், அடுத்தவருக்கு ஒன்று. நாளைக்கு வரிசை மாறினால் டோக்கனும் மாறும். போதாததற்கு, ஒரு மோடம் ஒரு போர்ட்டோடு நிற்பதில்லை. ஹுவாவே இ173 போன்றவை மூன்று போர்ட் வரை காட்டும். அவற்றில் ஒன்று பழுதுபார்ப்புக்கானது, ஏடி கட்டளைக்கு வாயே திறக்காது. இரண்டு மோடம் என்றால் பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து வரை ஆறு பெயர்கள். இதில் எது யாருடையது என்பதைக் கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிதாக முடிவு செய்கிறது.

ஒரே மோடம் இருக்கும்வரை இந்தத் தவறு பெரிதாக வலிக்காது. பெயர் மாறினால் சேவை நின்றுவிடும், நீங்கள் போய்ப் பார்ப்பீர்கள். இரண்டாவது மோடம் வந்த அன்றுதான் ஆபத்து தொடங்குகிறது. அப்போது பெயர்கள் மாறினாலும் இரண்டு போர்ட்டும் திறக்கும், இரண்டு மோடமும் ஓகே சொல்லும், இரண்டு சேவையும் திரையில் பச்சையாக நிற்கும். மாறியிருப்பது சிம் மட்டும்தான்.

நாமக்கல் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் இது நடந்தது. அங்கே ஓர் இளைஞர் அழகாகவே அமைத்திருந்தார். ஒரு மோடம் எச்சரிக்கைக்கு: இன்குபேட்டரின் வெப்பம் 37.5 டிகிரியை விட்டு விலகினால் மேற்பார்வையாளருக்கும் உரிமையாளருக்கும் செய்தி போகும். இன்னொரு மோடம் ஆர்டருக்கு: பண்ணைக்காரர்கள் எத்தனை குஞ்சு வேண்டும் என்று அந்த எண்ணுக்கு எழுதுவார்கள். ஆர்டர் சிம்மில் செய்தி வாங்கினால் போதும் என்பதால் அதற்கு ரீசார்ஜ் செய்வதை விட்டுவிட்டார்கள். வெளியே செல்லும் வசதி நின்றிருந்தது. உள்ளே வருவது நிற்கவில்லை.

ஒரு மின்வெட்டு. கணினி அணைந்து மீண்டும் எழுந்தது. இரண்டு மோடமும் இடம் மாறின. அதை யாரும் கவனிக்கவில்லை, கவனிக்க எதுவும் இல்லை. சில நாள் கழித்து ஓர் இரவில் இன்குபேட்டர் விசிறி நின்று வெப்பம் ஏறியது. எச்சரிக்கை நிரல் தன் கடமையைச் செய்தது; ஆனால் ஆர்டர் சிம் வழியாக. அந்த சிம்மிலிருந்து எதுவும் வெளியே போகாது. நிரல் சில முறை முயன்று, செய்தியைப் ‘பிழை’ என்ற கோப்புறையில் போட்டுவிட்டு ஓய்ந்தது. காலையில் கதவைத் திறந்தபோது ஓர் இன்குபேட்டர் முட்டை முழுவதும் போயிருந்தது. 21 நாளில் பொரிய வேண்டியவை, முக்கால் பங்கு நாள் முடிந்தவை.

இழப்பு அதோடு நிற்கவில்லை. என்னைக் கூப்பிட்டபோது பதிவுக் கோப்பைப் பின்னோக்கிப் படித்தேன். இத்தகைய மென்பொருள் சிம்மில் வந்த செய்தியைப் படித்துத் தன் பெட்டியில் போட்டுவிட்டு சிம்மிலிருந்து அழித்துவிடும். அப்படியானால் மின்வெட்டுக்குப் பிறகு வந்த ஆர்டர்கள்? அத்தனையும் எச்சரிக்கைச் சேவையின் பெட்டியில் கிடந்தன. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் வேலை இல்லை. பண்ணைக்காரர்களோ, எழுதியும் பதில் இல்லை என்று வேறு பொரிப்பகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

என் எரிச்சல் இன்னும் அடங்காததற்குக் காரணம் அதற்கு அடுத்து அந்த இளைஞர் செய்தது. அமைப்புக் கோப்பைத் திறந்து 2 என்று இருந்ததை 5 ஆக்கினார், 5 என்று இருந்ததை 2 ஆக்கினார். சரியாகிவிட்டது என்றார். அன்றைக்குச் சரியாகத்தான் ஆனது. அடுத்த மின்வெட்டில் மறுபடி மாறுமே என்று கேட்டால், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார். அந்த மறுமொழிக்கு என்னிடம் பதில் இல்லை. விசைப்பலகையை வாங்கி நானே உட்கார்ந்தேன்.

செய்ய வேண்டியது இதுதான். லினக்ஸ் ஒவ்வொரு சீரியல் போர்ட்டுக்கும் வேறு இரண்டு நிலையான பெயர்களும் தருகிறது. டெவ் கோப்புறைக்குள் சீரியல் என்பதன் கீழ் இருக்கும். ஒன்று கருவியின் அடையாளத்தை வைத்து, மற்றது அது செருகப்பட்டிருக்கும் வழியை வைத்து. முதலாவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மலிவான டாங்கிள்கள் பலவற்றில் வரிசை எண்ணே கிடையாது. ஒரே மாடலில் இரண்டு இருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் வரும், ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். ஆகவே வழிப் பெயரை எழுதுங்கள். எந்தத் துளையில் செருகியிருக்கிறதோ அதற்கான பெயர் அது. துளைக்கு மேலே ஸ்டிக்கர் ஒட்டி ‘எச்சரிக்கை’, ‘ஆர்டர்’ என்று எழுதுங்கள். சுத்தம் செய்ய வந்தவர் கழற்றி வேறு துளையில் செருகினால் அந்தப் பெயர் இல்லாமல் போய்ச் சேவை நின்றுவிடும். நிற்பது நல்லது. கூச்சல் போட்டுக்கொண்டு நிற்கும் சேவை, வாய்மூடித் தவறாக ஓடும் சேவையைவிட ஆயிரம் மடங்கு மேல்.

துளைகள் இரண்டையும் ஒருவர் மாற்றிச் செருகிவிட்டால்? அதற்கும் ஒரு பூட்டு உண்டு. ஏடி கட்டளைகளில் சிஐஎம்ஐ என்று ஒன்று இருக்கிறது. சிம்முக்குள் பதிந்திருக்கும் ஐஎம்எஸ்ஐ எண்ணைச் சொல்லும். இந்திய சிம்மாக இருந்தால் 404 அல்லது 405 என்று தொடங்கும். காம்முவின் ஐடென்டிஃபை கட்டளையும் இதைக் காட்டும். சேவை தொடங்குவதற்கு முன்னால் இந்த எண்ணைக் கேட்டு, நீங்கள் எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் தொடங்காமல் நிறுத்தும் நிரல் பத்து வரிகூட வராது. மோடத்தின் ஐஎம்இஐ எண்ணைச் சரிபார்ப்பதைவிட இது மேல். செய்தி யார் பெயரில் போகிறது என்பதைத் தீர்மானிப்பது சிம், மோடம் அல்ல.

மறுதொடக்கம் செய்யவே மாட்டேன், எனக்கு யுபிஎஸ் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு அடுத்த பத்தி.

மின்சாரத்தைக் கணக்கிடாதது

கணினியின் சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர். ஜிஎஸ்எம் கருவி பேசும்போது தொடர்ச்சியாக அல்ல, துடிப்புத் துடிப்பாக ஒலிபரப்பும். அந்தத் துடிப்பில் மாட்யூல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால்தான் சிம்800 போன்றவற்றின் குறிப்பேடுகள் 2 ஆம்பியர் தாங்கும் மின்வழங்கியைக் கேட்கின்றன. டாங்கிளுக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் ஓரளவு சமாளிக்கும், முழுவதும் அல்ல.

கோபுரம் அருகில் இருந்தால் மோடம் குறைந்த சக்தியில் பேசும். தொலைவில் இருந்தால் முழுச் சக்தியில் கத்தும். ஆகவே நகரத்து மேசையில் ஒரு மாதம் சோதித்துப் பழுதில்லாமல் ஓடியது, தோட்டத்தில் கொண்டுபோய் வைத்த முதல் நாளே துண்டித்துத் துண்டித்து இணையும். அப்படி ஒருமுறை அறுந்து திரும்பும்போது, பழைய பெயரை நிரல் இன்னும் விடாமல் பிடித்திருந்தால், மோடத்துக்குப் புதிய எண் கிடைக்கும். யுபிஎஸ் இருந்தும் போர்ட் மாறுவது இப்படித்தான். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளைத் தூக்கிப் போடுங்கள்.

சிம் நிரம்புவதை மறப்பது

சிம்மில் சில பத்துச் செய்திகளுக்குத்தான் இடம். நிரல் படிக்காமல் நின்றிருந்த இரண்டு நாளில் விளம்பரங்களே அதை நிரப்பிவிடும். பிறகு உண்மையான செய்தி உள்ளே வராது.

தமிழில் அனுப்பும்போது 160 என்று நினைப்பது

ஆங்கில எழுத்து என்றால் ஒரு செய்திக்கு 160. ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்தியும் வேறு குறிமுறைக்கு மாறி 70 ஆகிவிடும். நீண்ட செய்தியைத் துண்டாக்கினால், துண்டுகளைச் சேர்க்கும் குறிப்புக்கு இடம் போய் ஒவ்வொன்றிலும் 67. இதில் நம் கண்ணுக்கு ஒரு எழுத்தாகத் தெரிவது கணினிக்கு இரண்டு: மெய்யும், ய, ர போன்ற அகரம் ஏறியவை தவிர்த்த உயிர்மெய்யும் அப்படித்தான். ‘இயந்திரம்’ நமக்கு ஆறு எழுத்து, அங்கே ஒன்பது. மரியாதையாக ‘அன்புள்ள’ என்று தொடங்கும் எச்சரிக்கைகள் மூன்று துண்டாகப் போய், நடுத்துண்டு கடைசியில் வந்து சேரும். எச்சரிக்கைக்கு அன்பு வேண்டாம். இயந்திரத்தின் எண்ணும் வெப்பமும் போதும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியை மோடம் என்று நினைப்பது

பழைய நோக்கியா, சோனி எரிக்சன் கைப்பேசிகளை கேபிளில் இணைத்தால் மோடமாகவே நடந்துகொண்டன. இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பெரும்பாலானவை யுஎஸ்பியில் அப்படி ஒரு போர்ட்டைத் திறப்பதில்லை. சார்ஜ் ஏறும், கோப்பு நகலாகும், இணையம் பகிரலாம், அவ்வளவுதான். கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவி, அது கணினியோடு பேசும்படி அமைப்பதே வழி. அங்கேயும் ஒரு பொறி: குறுகிய நேரத்தில் நிறையச் செய்தி அனுப்பினால் ஆண்ட்ராய்டு திரையில் அனுமதி கேட்கும். அலமாரிக்குள் இருக்கும் கைப்பேசியில் யார் போய் விரல் வைப்பது?

இரவு பகலாகச் சார்ஜில் கிடக்கும் பேட்டரி உப்பும். மாதம் ஒருமுறை பின்மூடியைத் தடவிப் பாருங்கள்.

இதை வைத்து விளம்பரம் அனுப்புவது

கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறைப்படி வணிகச் செய்தி அனுப்புகிறவர் பதிவு செய்திருக்க வேண்டும். அனுப்புநர் பெயரும் செய்தியின் மாதிரியும் பதிவாகியிருக்க வேண்டும். சாதாரண சிம்மிலிருந்து அனுப்பினால் இணைப்பு போகும்.

அனுப்பியதோடு நிறுத்திக்கொள்வது

மோடம் ஓகே சொன்னால், சிம் நிறுவனத்தின் செய்தி மையம் வாங்கிக்கொண்டது என்று மட்டும் பொருள். எதிர்முனைக் கைப்பேசி அணைந்திருக்கலாம். செய்தி போய்ச் சேர்ந்ததா என்ற அறிக்கையைக் கேட்டு வாங்கும் வசதி இத்தகைய மென்பொருளில் உண்டு, பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும்; முதல் நாளே போட்டுவிடுங்கள்.

அதோடு, செய்தி அனுப்பும் ஒவ்வொரு சிம்மிலிருந்தும் தினமும் காலையில் ஒரு சோதனைச் செய்தி உங்கள் கைப்பேசிக்கு வரட்டும். அதில் சேவையின் பெயர், சிம்மில் மீதமுள்ள இடம், சிக்னல் அளவு மூன்றும் இருக்கட்டும். வந்த செய்தியின் அனுப்புநர் எண்ணையும் சேவைப் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்; இடமாற்றம் நடந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சிக்னலை சிஎஸ்க்யூ கட்டளை 0 முதல் 31 வரை சொல்லும், 99 என்றால் அளக்க முடியவில்லை. 10-க்குக் கீழே இறங்கத் தொடங்கினால் மோடத்தை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள்.