பரந்தனில் ஒரு மஞ்சள் வைன் போத்தலைத் திறப்பது எப்படி

ஆடி, ஆவணியில் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களின் பெட்டிகளில் முன்பு சொக்லேட்டும் சவர்க்காரமும் இருந்தன. இப்போது போத்தலும் இருக்கிறது. விஸ்கி என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஜூரா, சவுவா என்ற இரண்டு மலையடிவாரப் பகுதிகளின் வைன் வந்தால்தான் வீடு குழம்புகிறது. பாரிஸ் உணவகங்களில் கோப்பை கழுவத் தொடங்கி, பத்தொன்பது ஆண்டுகள் சமையலறையிலேயே கழித்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். தொலைபேசியில் கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை: ஊற்றிவிடாதீர்கள். சென்ற ஆண்டு மச்சான் குட்டையான, தோள் அகன்ற ஒரு போத்தலைக் கொடுத்தனுப்பினார். நான் வயலில் நின்ற நேரம் மருமகன் தக்கையைப் பிடுங்கிக் கொடுக்க, அம்மா முகர்ந்து பார்த்து, "பழுதாய்ப் போய்விட்டது" என்று முருங்கையின் அடியில் கவிழ்த்துவிட்டார். போத்தல் மட்டும் தப்பியது; அதில் இப்போது நல்லெண்ணெய் இருக்கிறது. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதை வினாகிரி என்று நினைத்துக் கழுவுதொட்டியில் ஊற்றப்போய், தலைமைச் சமையற்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

அந்தப் போத்தலின் பெயர் கிளாவ்லான். உள்ளே இருந்தது வன் ஜோன், அதாவது மஞ்சள் வைன். ஜூராவில் சவான்யான் என்ற வெள்ளைத் திராட்சையில் மட்டும் செய்வது. கள்ளைக் காற்றுப்பட வைத்திருந்தால் என்ன ஆகும் என்று தவறணைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். புளிப்பு ஏறி ஏறிக் காடியாகிவிடும். வைனுக்கும் அதே பயம்தான். அதனால் பீப்பாயில் வைன் குறையக் குறைய நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். வன் ஜோனுக்கு மட்டும் நிரப்புவதில்லை. குறைந்த இடத்தில் வைனின் மேல் மதுவம் ஆடை கட்டுகிறது, காய்ச்சிய பாலில் படர்வதுபோல. அந்த ஆடை காற்றைக் கொஞ்சமாக விட்டு, காடியாகாமல் காக்கிறது. அறுவடைக்குப் பிந்தைய ஆறாவது ஆண்டின் டிசம்பர் 15 வரைக்கும் பீப்பாயை விட்டு எடுக்கக்கூடாது என்பது சட்டம். அதற்குள் ஒரு லீற்றர் ஏறக்குறைய 62 சென்ரிலீற்றராகச் சுருங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. போத்தலின் அளவும் அதுவே. குறைந்த மிச்சம் காற்றோடு போனது.

இனி மூக்கு. அக்குறோட்டுப் பருப்பின் மணம் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வார்கள். நம் வீட்டில் அக்குறோட்டு எங்கே இருக்கிறது? வெந்தயத்தை லேசாக வறுத்து முகர்ந்துவிட்டு, பிறகு கிளாஸை முகருங்கள். வெந்தயத்துக்கு அந்த மணத்தைத் தரும் சொட்டோலோன் என்ற பொருள் இந்த வைனிலும் உண்டு. இந்த ஆண்டு வந்த போத்தலை அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். "சொதி மணக்கிறதே" என்றார்.

லேபலைப் படிப்பது இரண்டாவது வேலை. ஜூரா வெள்ளையில் 'உய்யே' என்று இருந்தால் பீப்பாயை நிரப்பிக் காத்தது. எலுமிச்சையும் பூவுமாக இருக்கும், யாரும் குடிக்கலாம். 'சூ வுவால்' என்று இருந்தால் ஆடையின் கீழ் வளர்ந்தது. 'திராதிசியோன்' என்று இருந்தாலும் பெரும்பாலும் அதே வகைதான். அர்புவா என்பது ஊர்ப்பெயர். 1936-இல் பிரான்சில் பெயர்க்காப்பு பெற்ற முதல் வைன்களில் ஒன்று. லூயி பாஸ்டர் வளர்ந்த ஊரும் அதுவே. அங்கே அவருக்குத் திராட்சைத் தோட்டம்கூட இருந்தது.

சின்னப் போத்தலில் வருவது வைக்கோல் வைன். பறித்த குலைகளைக் குறைந்தது ஆறு வாரம் உலர்த்திப் பிழிவார்கள். வெயிலில் அல்ல, காற்றோட்டமான மச்சில். இனிப்பு அதிகம், விரலளவு ஊற்றினால் போதும். மக்வன் என்றால் திராட்சைச் சாறு புளிக்கும் முன்பே சாராயம் சேர்த்து நிறுத்தியது. முட்டியில் சுண்ணாம்பு தடவிக் கருப்பணி எடுப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

சவுவா அல்ப்ஸ் மலைப்பக்கம். அங்கிருந்து வருவதில் பாதிக்கு மேல் எளிய வெள்ளை. அப்ரெமோன், அபீம் என்ற பெயர்கள் இருந்தால் ஜாக்கேர் திராட்சை. மெலிந்தது, சாராயம் குறைந்தது. 1248-இல் கிரானியே மலை சரிந்து ஊர்களையே மூடியது. அந்தக் கற்குவியலின் மேல்தான் இன்று இந்தத் தோட்டங்கள் நிற்கின்றன. ரூசெத் என்றால் அல்தெஸ் திராட்சை, கொஞ்சம் கனம். சிவப்பில் மொந்தூஸ்: மிளகு மணக்கும்.

இனி வன்னி வெயில். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாறச் சொல்லும் புத்தகங்கள் பிரான்சின் குளிர்ந்த அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தகரக் கூரையின் கீழ் 34 பாகை வெப்பம் அந்தக் கணக்கில் இல்லை. மொந்தூஸையும், ஜூராவின் வெளிறிய சிவப்பான பூல்சாரையும்கூட அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அப்ரெமோனுக்கு மூன்று மணி நேரம். மின்சாரம் இல்லையென்றால் மீன்காரரிடம் ஐஸ் வாங்கி வாளியில் போட்டு, தண்ணீரும் ஊற்றி, ஒரு கைப்பிடி உப்புப் போட்டுப் போத்தலைக் கழுத்துவரை இறக்குங்கள். இருபது நிமிடம் போதும். வெறும் ஐஸில் புதைத்தால் பாதி நேரம் வீண். கிணற்றில் இறக்குவது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் கிணற்று நீர் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. வன் ஜோனை மட்டும் அதிகம் குளிரவைக்காதீர்கள். 14 அல்லது 15 பாகையில்தான் வாய் திறக்கும். சாப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே தக்கையை எடுத்துவிடுங்கள்.

சாப்பாடு. வன் ஜோனுக்கு ஜூராக்காரர்கள் கொம்தே பாற்கட்டியும், பாலாடையும் காளானும் சேர்த்த கோழியும் வைப்பார்கள். நாம் நாட்டுக்கோழியைத் தேங்காய்ப்பாலில், மிளகாய்த்தூள் இல்லாமல், வெந்தயம் தாளித்துப் பாற்கறியாக வைத்தால் சண்டையே வராது. இரணைமடுக் குளத்து மீன் பொரியலுக்கு அப்ரெமோன். முல்லைத்தீவு நண்டுக் கறி உறைப்புக்கு வன் ஜோனைத் திறந்தால் நாக்கில் நெருப்பு. சாராயம் மிளகாயின் எரிவைக் கூட்டும். அதற்குப் பக்கத்துப் பகுதியான புஜேயின் செர்தோன் கிடைத்தால் எடுங்கள். இனிப்பும் நுரையுமான இளஞ்சிவப்பு, சாராயம் 8 சதவீதத்தை ஒட்டி. கிடைக்காவிட்டால் மோர்.

மிஞ்சியது: அப்ரெமோன் இரண்டு நாளைக்குள் முடியவேண்டும். வன் ஜோனைத் தக்கை அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். ஆண்டுக்கணக்கில் காற்றைப் பார்த்த வைனுக்குக் காற்று புதிதல்ல. ஆனால் போத்தலில் பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அதே உருவத்தில், பக்கத்திலேயே, நல்லெண்ணெய் நிற்கிறது.