எந்த நுயென்? வியட்நாமியப் பெயர்களை ஆள் மாறாமல் படிப்பது, எழுதுவது, தேடுவது எப்படி

சில வருடங்களுக்கு முன்னால் வியட்நாம் போர் பற்றி ஒரு நீளமான கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். முதல் தடவை முழுப்பெயர், அடுத்த தடவையிலிருந்து சுருக்கம் என்பதுதானே பத்திரிகை வழக்கம், அதையே பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் "நுயென் சொன்னார்", "நுயென் மறுத்தார்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். படித்த நண்பர் போன் போட்டார். "ஏங்க, உங்க நுயென் ஒரு பத்தியில சைகோன்ல அதிபரா உட்கார்ந்திருக்கார், அடுத்த பத்தியில பாரிஸ்ல எதிரணி சார்பா கையெழுத்துப் போடுறார், கட்சி மாறிட்டாரா?"

ஒருவர் நுயென் வான் தியூ, தெற்கு வியட்நாமின் அதிபர். இன்னொருவர் நுயென் தி பின், 1973 ஜனவரி 27 அன்று போர்நிறுத்தத்துக்கான பாரிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஒரே பெண். தமிழில் 'ஆர்' விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதால் தப்பு எனக்கே கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து வியட்நாம்காரர் பெயர் எது வந்தாலும் ஒரு வழிமுறை வைத்திருக்கிறேன். விளையாட்டு, சினிமா, கணிதம் என்று எந்தத் துறை ஆளைப் பற்றி எழுதினாலும் இது உதவும்.

முதல் வேலை, பெயரை வாலிலிருந்து படியுங்கள். முதல் சொல் குடும்பப் பெயர், நடுவில் இருப்பது நடுப்பெயர், கடைசிச் சொல்தான் ஆள். நமக்கு இது புதிதே இல்லை. 'எஸ். முருகன்' என்றால் அவர் முருகன்தானே, எஸ் அப்பா. பாஸ்போர்ட் படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தைப் பார்த்து விழித்த தமிழர்களுக்கு வியட்நாம்காரர் படும் பாடு சொல்லாமலே புரியும். தியென் பியென் ஃபூவில் 1954இல் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த தளபதி வோ நுயென் ஜியாப்பை உலகம் முழுக்க 'ஜெனரல் ஜியாப்' என்றுதான் சொல்கிறது, ஜெனரல் வோ என்று யாரும் சொல்வதில்லை. 1963இல் கொல்லப்பட்ட தெற்கு வியட்நாம் அதிபர் ஙோ டின் டியெம் வெறும் டியெம், நுயென் வான் தியூ வெறும் தியூ. மரியாதைக்குக் குடும்பப் பெயர், நெருக்கத்துக்குச் சொந்தப் பெயர் என்ற மேற்கத்தியக் கணக்கு அங்கே செல்லாது. பிரதமரானாலும் பதவியோடு சொந்தப் பெயரைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைக்கூடக் கடைசிச் சொல்லை வைத்துத்தான் அகரவரிசைப்படுத்துகிறார்கள்.

அதற்குக் காரணமும் இருக்கிறது. அந்த நாட்டில் பத்துப் பேரை நிறுத்தினால் மூன்று நான்கு பேர் நுயென். மீதியில் ட்ரன், லே, ஃபாம் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களே பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். அரச குடும்பங்கள் மாறும்போதெல்லாம் பெயரும் மாறியிருக்கிறது. லீ வம்சத்துக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த ட்ரன் வம்சம், 1232இல் தோற்ற லீ வம்சத்தாரையெல்லாம் நுயென் என்று மாற்றிக்கொள்ளச் சொன்னது. பிறகு 1802 முதல் 1945 வரை ஆண்டதே நுயென் வம்சம். ஆளும் பெயரைச் சூடிக்கொள்வதும் சூட்டப்படுவதும் நடந்துகொண்டே இருந்தது. ஆகவே நுயென் என்றதும் 'ஓ, அவருக்குச் சொந்தமா?' என்று கேட்காதீர்கள்.

வெறும் கடைசிச் சொல்லும் சில நேரம் போதாது. ஹுங், லின், ஹாய் எல்லாம் நம் ஊர் குமார், செல்வி மாதிரி, தெருவுக்கு நாலு பேர். அப்போது வியட்நாம் பத்திரிகைகளே செய்வதைச் செய்யுங்கள், கடைசி இரண்டு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் சீனாவின் சாங்சோவில், 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கோப்பை இறுதிப் போட்டி. மைதானம் முழுக்கப் பனி. பந்துக்கு முன்னாலிருந்த பனியை ஒரு சக வீரர் குனிந்து கையால் ஒதுக்கிவிட, நுயென் குவாங் ஹாய் அடித்த ஃப்ரீ கிக் வளைந்து வலைக்குள் போனது. உஸ்பெகிஸ்தானிடம் கடைசியில் 2-1 என்று தோற்றார்கள், ஆனாலும் நாடே தெருவுக்கு வந்து கொண்டாடியது. அவர் எல்லோருக்கும் 'குவாங் ஹாய்'. எழுதும்போது முதல் தடவை முழுப்பெயர், அடுத்த தடவை 'குவாங் ஹாய்' என்றால் தப்பே வராது. நம் செஸ் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த, 2013இல் உலக பிளிட்ஸ் சாம்பியனான லே குவாங் லியெமும் இப்படித்தான். ஸ்கோர் பலகையில் 'லே' என்று வந்தாலும் அவர் லியெம்.

நடுச்சொல்லையும் தாண்டிப் போய்விட வேண்டாம். 'தி' வந்தால் பெண், 'வான்' வந்தால் பெரும்பாலும் ஆண். இந்த ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தால் என் கட்டுரை தப்பித்திருக்கும். வியட்ஜெட் விமான நிறுவனத்தைத் தொடங்கிய நுயென் தி ஃபுவோங் தாவ் பெயரில் நடுவில் நிற்பதும் அதே 'தி'தான். இளைய தலைமுறைப் பெண்கள் இதைப் பழைய மோஸ்தர் என்று விட்டுவிடுகிறார்கள், அதனால் 'தி' இல்லை என்றால் ஆண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இன்னொன்று, கல்யாணம் ஆனாலும் பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. கணவர் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

சரி, விதிவிலக்குகளுக்கு வருவோம், சுவாரசியமே அங்கேதான்.

ஹோ சி மின்னை யாரும் மின் என்று சொல்வதில்லை, ஹோ என்றுதான். அது அவர் தானே வைத்துக்கொண்ட பெயர். 1890இல் பிறந்தபோது நுயென் சின் குங், அப்புறம் நுயென் தாட் தான், பாரிஸில் அரசியல் செய்தபோது நுயென் ஆய் குவோக், அதாவது 'தேசபக்தன் நுயென்'. நாட்டுக்காரர்கள் அவரை 'பாக் ஹோ' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதை அங்கிள் ஆக்கி, நாமும் அதைப் பார்த்து 'ஹோ மாமா' என்று எழுதுகிறோம். பாக் என்பது அப்பாவுக்கு மூத்தவரைக் குறிக்கும் உறவுச்சொல். தமிழில் அதற்கு அச்சு அசலாகப் பெரியப்பா என்று ஒரு சொல் இருக்கும்போது மாமா எதற்கு?

புரட்சிக்காரர்கள் பலரும் இப்படிப் பெயர் மாற்றியவர்கள் என்பதால் குடும்பப் பெயரை வைத்து உறவு தேடவே முடியாது. அமெரிக்காவின் கிஸிஞ்சரோடு சேர்த்து 1973இல் கொடுக்கப்பட்ட அமைதி நோபலை வேண்டாம் என்று சொன்ன வடக்கு வியட்நாம் தலைவர் லே டுக் தோவின் இயற்பெயர் ஃபான் டின் காய். அவர் கூடப்பிறந்த தம்பிகள் இருவரும் பெரிய பதவிகளுக்கு வந்தார்கள், பெயர்கள் டின் டுக் தியென், மாய் சி தோ. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர், மூன்றுமே அப்பா பெயர் இல்லை! வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்கள் 'இயற்பெயர்' என்ற வரியை முதலில் நிரப்பிவிட்டு மற்றதைத் தொடங்குவது நல்லது.

துறவிகள் தனிக் கணக்கு. திக் ஞட் ஹான், 1963இல் சைகோன் தெருவில் தீக்குளித்த திக் குவாங் டுக், இருவருக்கும் பொதுவாக இருக்கிற 'திக்' குடும்பப் பெயரும் இல்லை, பட்டமும் இல்லை. புத்தரின் குலமான சாக்கியத்தை அவர்கள் 'திக் கா' என்பார்கள், அதன் முதல் பாதி இது. துறவு பூண்டவர் புத்தர் வீட்டுப் பிள்ளையாகிவிட்டார் என்று அர்த்தம். தமிழிலும் பௌத்தரைச் சாக்கியர் என்று சொன்ன காலம் உண்டு, அதே வேர்தான். ஆகவே 'திக் சொன்னார்' என்று எழுதினால் 'சாக்கியர் சொன்னார்' என்று ஆகும், எந்தச் சாக்கியர் என்று கேட்பார்கள். அரசர்கள் விஷயத்தில் இன்னும் எளிது. கடைசி அரசரான பாவ் டாயின் பெயர் ஆட்சிப் பட்டம், பிரிக்காமல் அப்படியே முழுசாக எழுத வேண்டும்.

இனி வெளிநாட்டில் குடியேறியவர்கள். 1975க்குப் பிறகு லட்சக்கணக்கில் வெளியேறியவர்களின் பிள்ளைகள் இன்று எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள், அவர்கள் பெயரோ ஊருக்கு ஊர் தலைகீழாகியிருக்கிறது. 2016இல் புலிட்சர் வாங்கிய நாவலாசிரியர் வியெட் தான் நுயென், ஊரில் இருந்திருந்தால் நுயென் தான் வியெட். அமெரிக்கப் பழக்கப்படி திருப்பிப் போட்டிருக்கிறார், ஆகவே இவரை மட்டும் 'நுயென்' என்று எழுதுவது சரி. 2023இல் ஆஸ்கர் மேடையில் அழுதுகொண்டே அம்மாவுக்கு நன்றி சொன்ன நடிகர் கீ ஹுய் குவானின் வியட்நாமியப் பெயர் குவான் கே ஹுய். சைகோனில் சீன வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர், குவான்தான் குடும்பப் பெயர். கான் திரைப்பட விழாவில் 2023இல் சிறந்த இயக்குநர் விருது வாங்கிய ட்ரன் ஆன் ஹுங்கோ சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போயும் பழைய வரிசையை விடவில்லை, அவர் ஹுங். அதே பிரான்சில் குடியுரிமை பெற்ற கணிதர் ஙோ பாவ் சௌவும் அப்படியே. 2010இல் நம் ஹைதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டில்தான் அவருக்குக் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் கொடுத்தார்கள். எந்த வரிசை என்று சந்தேகமாக இருந்தால் சின்ன சோதனை ஒன்று இருக்கிறது. நுயென், ட்ரன், லே, ஃபாம், ஹுவின், வோ, டாங் மாதிரி சில பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது முன்னால் இருந்தால் ஊர் வரிசை, பின்னால் இருந்தால் மேற்கத்திய வரிசை. ஹுவினும் ஹுவாங்கும் ஒரே குடும்பப் பெயரின் தெற்கு, வடக்கு வடிவங்கள், வோவும் வூவும் அதே மாதிரி.

ஒலிக்கு வருகிறேன். இங்கே தமிழுக்கு ஒரு அதிர்ஷ்டம். நுயென் என்ற பெயரின் தொடக்க ஒலியை ஆங்கிலேயரால் சொல்லவே முடியாது, நமக்கு அதற்கென்றே ஓர் எழுத்து சும்மா கிடக்கிறது. 'இங்ஙனம்' என்று கடிதம் முடிக்கும்போது நடுவில் வருகிற அந்த ங. நாக்கை அங்கே வைத்து 'ஙுயென்' என்று ஒரே மூச்சில், ஓரசையாகச் சொல்லுங்கள், ஹனோய்க்காரரே திரும்பிப் பார்ப்பார். 'நிகுயென்', 'நியூஜென்' எல்லாம் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்ததால் வந்த வினை. எழுதும்போது நான் 'நுயென்' என்றே விட்டுவிடுகிறேன், ஏனென்றால் ஙு என்று தொடங்கினால் வாசகர் தடுக்கி விழுவார், தேடுபொறியிலும் கிடைக்காது. ஙோ மாதிரி குட்டிப் பெயருக்கு மட்டும் அந்தத் தைரியம் எடுத்துக்கொள்கிறேன். என்-எச் என்று தொடங்கினால் அது ஞாயிறில் வரும் ஞ, ஆகவே ஞட் ஹான். பி-எச் வந்தால் ஃப. டி-எச் என்பது ஆங்கில ஒலி இல்லை, நம் த போதும். எக்ஸ் என்றால் வெறும் ச.

பெரிய பொறி டி எழுத்துதான். அவர்களிடம் இரண்டு டி இருக்கிறது. குறுக்குக் கோடு போட்டது நிஜமான ட. கோடு இல்லாதது வடக்கில் ஸ போல (தேனீ ரீங்காரம் மாதிரி அதிரும் ஸ), தெற்கில் ய போல. ஙோ டின் டியெம் என்ற ஒரே பெயரில் இரண்டும் அடுத்தடுத்து வருகிறது. டின்னில் கோடு உண்டு, டியெம்மில் இல்லை, நியாயமாக அவர் ஸியெம் அல்லது யியெம். ஆனால் ஹோ சி மின், டியெம், ஜியாப் மாதிரி தமிழில் ஊறிப்போன வடிவங்களை நான் தொடுவதில்லை, புதிதாக எழுதும் பெயருக்குத்தான் இந்தக் கவனமெல்லாம். 1980 ஷோப்பான் பியானோ போட்டியில் ஜெயித்த முதல் ஆசியரான டாங் தாய் சனுக்குக் கோடு உண்டு, ட போடுங்கள். கணிதர் சௌவை முதலில் நான் 'சாவ்' என்றுதான் எழுதிவைத்திருந்தேன், கணினி அதைச் 'சாவு' என்று திருத்திவிட்டது. ஔகாரத்துக்கு மாறியதில் ஒலியும் நெருங்கிவந்தது, மனுஷரும் பிழைத்தார்.

தமிழில் காட்டவே முடியாதது ஏற்ற இறக்கம். ஆறு தொனி. 'மா' என்ற ஓர் அசை தொனிக்கு ஏற்பப் பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று மாறும். எழுத்தின் மேலேயும் கீழேயும் இருக்கும் குறிகளில் பல அதற்காகத்தான். அவற்றை நீக்கிவிட்டுத் தேடினால் வெவ்வேறு பெயர்கள் ஒன்றாகிவிடும். ஜியாப்பின் நடுவில் இருக்கிற நுயென்கூட அந்தப் பிரபலமான குடும்பப் பெயர் இல்லை, தொனி வேறு, அர்த்தமும் வேறு. ஆகவே தேடும்போது பெயரைத் தட்டச்சு செய்யாதீர்கள். விக்கிபீடியாவில் ஆளின் பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலில் 'தியெங் வியெட்' பக்கத்துக்குப் போய், தலைப்பைக் குறிகளோடு அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள், கூடவே பிறந்த வருடத்தையும் போடுங்கள். 1992இல் புளூட்டோவுக்கு அப்பால் கைப்பர் பட்டையின் முதல் பொருளைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான வானியலாளர் ஜேன் லூவை அந்தப் பெயரில் தேடினால் ஆங்கிலத்தில் இருப்பது மட்டும்தான் வரும். லூ லே ஹாங் என்ற அவர் ஊர்ப்பெயரைக் குறிகளோடு ஒட்டிப் பாருங்கள், வியட்நாமியப் பத்திரிகைகளில் வந்ததெல்லாம் கொட்டும்.

இத்தனையும் தோற்றுப்போகிற ஓர் ஆள் உண்டு, ஃபிலிப் ரோஸ்லர். 2011 முதல் 2013 வரை ஜெர்மனியின் துணைப் பிரதமர். 1973இல் மேகாங் கழிமுகப் பகுதியில் பிறந்து, கைக்குழந்தையாக ஒரு ஜெர்மன் தம்பதிக்குத் தத்துப்போனவர். பெயரில் ஓர் அசைகூட வியட்நாம் கிடையாது. பிறந்த ஊரைப் பார்த்தால்தான் ஆள் பிடிபடும். எழுதும்போது மட்டும் கவலையில்லை, ரோஸ்லர் என்றே எழுதலாம்.