'வாங்க' யாருக்கு, 'வா' யாருக்கு?

திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் சம்பா நடவு நடக்கும்போது பார்க்கலாம். வரப்பில் நிற்கும் பத்து வயதுப் பையன், தன் பாட்டி வயசு அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நாத்து முடிய இந்தப் பக்கம் போடு" என்பான். அவனே உரக்கடைக்காரரைக் கண்டால் "வாங்க மாமா" என்பான். சாதி பார்த்து மரியாதை கொடுக்கும் இந்தப் பேச்சு, வீட்டில் கேட்டுப் பழகியது. நானும் அப்படி வளர்ந்தவன்தான்.

தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. அதனால் முதல் தவறும் அங்கேதான். "உரிமையா கூப்பிடுறோம்" என்று சமாதானம் சொல்வோம். சரி, அந்த அம்மா நம் அப்பாவைப் பேர் சொல்லி "வா" என்றால் பொறுப்போமா? நான் முதன்முதலாக "வாங்கம்மா, டீ குடிங்க" என்றபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் அந்த டீ. எங்கள் மாட்டுக் கொட்டகைத் தூணில் ஒரு அலுமினிய டம்ளர் கவிழ்ந்தே இருக்கும். அது யாருக்கு என்று யாரும் சொல்லித் தராமலே எனக்குத் தெரியும். இப்போது அந்த இடத்துக்குப் பேப்பர் கப் வந்துவிட்டது. கழுவும் வேலை மிச்சம் என்றால் எல்லாருக்கும் பேப்பர் கப் கொடுங்கள். மேஸ்திரிக்கு எவர்சில்வர், நடவாட்களுக்குப் பேப்பர் என்று பிரிக்காதீர்கள்.

"இப்பல்லாம் யாரு இத பாக்குறா" என்பார்கள். கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25 அன்று. அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் இன்றும் நடவுக்கு வருகிறார்கள். அவர்கள் பார்க்கிறார்கள்.

புதிதாக வந்த ஆசிரியரிடமோ, வாடகைக்கு வீடு கேட்பவரிடமோ "ஊர்ல எந்தத் தெரு?" என்று தோண்டாதீர்கள். என்ன கேட்கிறோம் என்று அவருக்குப் புரியும். "பாத்தா அப்படித் தெரியலையே" என்பது பாராட்டே இல்லை. அரசு வேலை கிடைத்தவரிடம் "கோட்டாவா?" என்பதும் அப்படித்தான். தலித் மக்கள் வாழும் பகுதியைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நம் வாயிலிருந்து நாம்தான் எடுக்க வேண்டும். தெருவுக்குப் பேர் இருக்கிறது, அதைச் சொல்லலாம்.

வாய் தவறிச் சொல்லி யாராவது முகம் சுண்டினால், "சும்மா சொன்னேன்" என்று மழுப்ப வேண்டாம். "தப்பா சொல்லிட்டேன்" போதும். அதையும் தனியாகக் கூப்பிட்டு இல்லாமல், சொன்ன அதே பந்தியில், அதே ஆட்கள் முன்னால் சொல்லுங்கள்.