226 பெரிதா, 210 பெரிதா? தரை இடைவெளியை ஒப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மஹிந்திரா தாரின் தரை இடைவெளி, அதாவது கிரவுண்ட் கிளியரன்ஸ், 226 மில்லிமீட்டர், மாருதி சுசூகி ஜிம்னிக்கு 210, ஃபோர்ஸ் கூர்க்காவின் 2024 மாடலுக்கு 233 என்று புரோஷர்கள் சொல்கின்றன. இம்மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பவர், கூர்க்கா முதலிடம், தார் இரண்டாமிடம், ஜிம்னி கடைசி என்று வரிசைப்படுத்திவிட்டு, கரடுமுரடான பாதையிலும் அதே வரிசைதான் நிற்கும் என நம்பிவிடுவது இயல்பே. சில இடங்களில் அந்த வரிசை சரியாகவும் இருக்கலாம். ஆனால் வண்டியின் எந்தப் பாகத்துக்கு அடியில், எவ்வளவு பாரத்துடன், எந்த டயருடன் அளந்தார்கள் என்று கேட்காமல் எண்களை மட்டும் அடுக்குவது, மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு வந்த விடைகளை ஒன்றோடொன்று மோதவிடுவதாகவே முடியும்.

எண் எந்த இடத்துக்கு உரியது?

மிகப் பரவலான தவறு, புரோஷரில் உள்ள எண்ணை வண்டியின் வயிற்றுப் பகுதியின் உயரமாக எடுத்துக்கொள்வது. இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புக் குழாய் இணைக்கும் சாலிட் ஆக்சில் கொண்ட வண்டிகளில், தரைக்கு மிக அருகில் இருப்பது பெரும்பாலும் அந்தக் குழாயின் இடையே உருண்டையாகத் தொங்கும், எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல்தான்; பட்டறைகளில் இதையே கிரவுன் என்பார்கள். முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில் உள்ள ஜிம்னியின் 210 மில்லிமீட்டர் இந்தக் கிரவுனுக்கு அடியில் உள்ள இடைவெளி. சேஸிஸ், கியர்பாக்ஸ், விசையை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவை அதைவிடக் கணிசமான உயரத்தில் இருக்கின்றன.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மூன்று கதவு ஜிம்னியின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையிலான தூரம், 2250 மில்லிமீட்டர், ஐந்து கதவு ஜிம்னிக்கு 2590 மில்லிமீட்டர். இரண்டுக்கும் தரை இடைவெளி ஒன்றே. ஆனால் மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் கடக்கக்கூடிய பிரேக்ஓவர் கோணம் மூன்று கதவு வண்டிக்கு 28 பாகை, ஐந்து கதவு வண்டிக்கு 24 பாகை. ஜிம்னியின் 195/80 ஆர்15 அளவு டயரின் ஆரத்தையும் வீல்பேஸையும் வைத்து இந்தக் கோணங்களிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், இரண்டு வண்டிகளிலும் வயிற்றின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 270 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று விடை வருகிறது. 210 மில்லிமீட்டர்தான் உண்மையான வயிற்று உயரம் என்றால், குட்டை ஜிம்னியின் பிரேக்ஓவர் கோணமே 22 பாகையைத் தாண்டாது. ஆக, ஒரே வண்டிக்கு உள்ளேயே 210, 270 என்று இரண்டு தரை இடைவெளிகள் இருக்கின்றன. மேட்டைத் தாண்டும்போது முதலாவது எண்ணுக்கு வேலையே இல்லை, சக்கரங்களுக்கு நடுவே கல் வரும்போது இரண்டாவது எண் காப்பாற்றாது.

சட்டம் எழுதியவர்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே உணர்ந்திருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி ஒரு பயணியர் வாகனத்தை ஆஃப்ரோடு வகையில் சேர்ப்பதற்கான நிபந்தனைகளில், முன் ஆக்சிலுக்கு அடியிலும் பின் ஆக்சிலுக்கு அடியிலும் தலா 180 மில்லிமீட்டர், இரு ஆக்சில்களுக்கும் இடையே 200 மில்லிமீட்டர் என்று மூன்று இடைவெளிகள் தனித்தனியாகக் கேட்கப்படுகின்றன. இவற்றோடு அப்ரோச் (முன்பக்கம் தட்டாமல் மேடேறும் கோணம்), டிபார்ச்சர் (பின்பக்கம் தட்டாமல் இறங்கும் கோணம்), பிரேக்ஓவர் என்ற மூன்று கோணங்களையும் சேர்த்து, ஆறில் ஐந்தேனும் நிறைவேற வேண்டும். அங்கே ஆக்சிலுக்கு அடியிலான இடைவெளியை நேராக டேப் வைத்து அளப்பதுகூட இல்லை. இரு டயர்களும் தரையைத் தொடும் இடத்தின் மையங்கள் வழியாக ஒரு வட்ட வில் வரைந்து, அது சக்கரங்களுக்கு நடுவே உள்ள மிகத் தாழ்ந்த பாகத்தைத் தொடும் நிலையில், அந்த வில்லின் உச்சி எவ்வளவு உயரம் என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவின் எரிபொருள் சிக்கன விதிகளோ, சக்கரம், ஆக்சில் போன்று ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள பாகங்களை விட்டுவிட்டு அளக்கும் ஓட்ட இடைவெளிக்கு 20 சென்டிமீட்டர், கிரவுனுக்கு அடியில் அளக்கும் ஆக்சில் இடைவெளிக்கு 18 சென்டிமீட்டர் எனப் பிரித்துக் கேட்கின்றன. எனவே ஒரு நாட்டின் புரோஷர் எண்ணையும் இன்னொரு நாட்டின் புரோஷர் எண்ணையும் அருகருகே வைத்து, இந்த வண்டி 40 மில்லிமீட்டர் கூடுதல் உயரம் என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். இரு நாடுகளிலும் வேறுபட்டது வண்டியா, அளவுகோலா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பாரம் ஏறினால் என்ன ஆகும்?

இந்தியாவில் இந்தக் கேள்வி வரிக் கணக்கையே தொட்டது. நான்கு மீட்டரைத் தாண்டிய நீளம், 1500 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின், 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தரை இடைவெளி ஆகிய மூன்றும் இருந்தால் கூடுதல் செஸ் வரி என்று அப்போது இருந்த நிலையில், அந்த 170 வெறும் வண்டியில் அளப்பதா, ஆட்களையும் சுமையையும் ஏற்றி அளப்பதா என்ற கேள்வி எழுந்தது. 2023 ஜூலையில் கூடிய ஜிஎஸ்டி மன்றத்தின் 50ஆவது கூட்டம், பாரம் ஏற்றாத நிலையில் அளப்பதே தரை இடைவெளி என்று தெளிவுபடுத்தியது. வாங்குபவருக்கு இதில் உள்ள பாடம், ஒரே வண்டிக்கு இரண்டு எண்களும் உண்மையாக இருக்கக்கூடும் என்பதே. ஒரு நிறுவனம் வெறும் வண்டியின் எண்ணையும் மற்றொன்று முழுப் பாரத்துடன் அளந்த எண்ணையும் அச்சிட்டிருந்தால், ஒப்பீட்டில் நேர்மையாகப் பேசிய வண்டிதான் தோற்றுப்போகும்.

பாரத்தின் விளைவு எல்லா வண்டிகளிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சாலிட் ஆக்சிலில், ஐந்து பேர் ஏறி ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கினாலும் கிரவுன் இருக்கும் உயரம் மாறுவதில்லை. டயர் சற்று நசுங்கும் அளவுக்கே அது இறங்கும். வயிற்றுப் பகுதி மட்டும் தாழும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஆடும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனில், டிஃபரன்ஷியல் உடலோடு பொருத்தப்பட்டிருப்பதால், பாரம் ஏறும்போதும் பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் அமுங்கும்போதும் வயிறும் கிரவுனும் சேர்ந்தே தாழ்கின்றன. தாரிலும் கூர்க்காவிலும் முன்பக்கம் இண்டிபெண்டன்ட், பின்பக்கம் சாலிட் ஆக்சில். ஜிம்னியில் இரண்டு பக்கமும் சாலிட். ஆகவே நின்றுகொண்டிருக்கும் வண்டியில் அளந்த எண்கள் சமமாக இருந்தாலும், சுமையோடு ஆடி அசைந்து செல்லும்போது அவை சமமாக இரா.

பிக்கப் டிரக்குகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் போன்றவற்றின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் பாரம் சுமக்கவே வடிவமைக்கப்பட்டவை என்பதால், காலி வண்டி பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த நிலையைப் பார்த்துவிட்டு எஸ்யூவியோடு ஒப்பிடுபவர், பின்தொட்டியில் சாமான் ஏற்றிய பிறகு வால் இறங்கி டிபார்ச்சர் கோணம் குறைவதைக் கணக்கில் எடுப்பதில்லை. நீண்ட வீல்பேஸின் காரணமாகப் பிரேக்ஓவர் கோணத்தில் பிக்கப் ஏற்கெனவே பின்தங்கியிருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. பின் பம்பருக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.

காற்றழுத்தத்தால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளுக்கு வேறொரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. லேண்ட் ரோவர் டிஃபென்டர் 110க்குச் சொல்லப்படும் 291 மில்லிமீட்டர், வண்டியை ஆஃப்ரோடு உயரத்துக்கு ஏற்றிய பிறகு கிடைப்பது. அந்த ஏற்றம் மட்டுமே 75 மில்லிமீட்டர். ஸ்பிரிங் வண்டியின் நிரந்தர உயரத்தை இந்த ஏற்றிய உயரத்தோடு ஒப்பிடுவது முறையல்ல. வேகம் கூடினால் வண்டி தானாகவே இறங்கிவிடும் என்பதால், அந்த எண் மெதுவாக ஊர்ந்து செல்லும் பாதைக்கு மட்டுமே உரியது.

டயரும் லிஃப்ட் கிட்டும்

வண்டி வாங்கிய பிறகு உயரம் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் செய்யும் பிழை பெரும்பாலும் எளிய கணிதப் பிழை. டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் தரை இடைவெளியாகக் கிடைக்கும், ஏனெனில் ஆக்சில் டயரின் மையத்தில் இருக்கிறது. ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர் சுமார் 693 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஆர்வலர்கள் மாற்றிப் போடும் 215/75 ஆர்15 டயர் சுமார் 703 மில்லிமீட்டர். பார்வைக்கு வண்டி முரட்டுத்தனமாக மாறிவிடும், பணமும் கணிசமாகச் செலவாகும். கிடைப்பது 5 மில்லிமீட்டர். அகலமான டயரின் பிடிமானத்துக்காக அதை வாங்கினால் அது வேறு கதை. மணலில் போவதற்காகக் காற்றைப் பாதியாகக் குறைக்கும்போது அந்த 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் போய்விடும்.

லிஃப்ட் கிட் விஷயத்தில், 50 மில்லிமீட்டர் உயரமான ஸ்பிரிங் போட்டால் தரை இடைவெளியும் 50 மில்லிமீட்டர் கூடும் என்பது சாலிட் ஆக்சிலுக்குப் பொருந்தாது. வயிறு உயரும், கோணங்கள் பெருகும், கிரவுன் இருந்த இடத்திலேயே இருக்கும். புரோஷர் எண் கிரவுனுக்கு உரியது என்றால், அந்த எண்ணில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. அதற்காக லிஃப்ட் வீண் என்றும் சொல்லிவிட முடியாது, மேடுகளைக் கடக்க அது நிச்சயம் உதவும். இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனில் டிஃபரன்ஷியலும் சேர்ந்து உயரும், ஆனால் சக்கரத்துக்குச் செல்லும் ஆக்சில் ஷாஃப்ட்டுகள் கூடுதலாகச் சாய்ந்து, அவற்றின் மூட்டுகளும் அவற்றை மூடும் ரப்பர் உறைகளும் விரைவில் தேயும்.

உயரம் கூடக் கூட நல்லது என்ற எண்ணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, வண்டி கவிழும் அபாயத்தை மதிப்பிடும்போது, சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை ஈர்ப்பு மையத்தின் உயரத்தின் இருமடங்கால் வகுக்கிறது. அகலம் 1500 மில்லிமீட்டர், மைய உயரம் 700 மில்லிமீட்டர் உள்ள ஒரு வண்டிக்கு விடை 1.07, மையத்தை 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் விடை 1.00 ஆகிறது. சரிவான மலைப்பாதையில் பக்கவாட்டில் சாய்ந்து செல்பவருக்கு இந்தச் சிறு தசம வித்தியாசம் உடம்பிலேயே தெரியும்.

வேறு சில குழப்பங்கள்

நீரில் இறங்கக்கூடிய ஆழத்தைத் தரை இடைவெளியோடு சேர்த்துப் பேசுவது தேவையில்லை. தாரின் நீர் ஆழம் 650 மில்லிமீட்டர், அதன் தரை இடைவெளியின் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதைத் தீர்மானிப்பது எஞ்சின் காற்றை இழுக்கும் இடமும், மின் இணைப்புகளும், டிஃபரன்ஷியலின் காற்றுத் துளையும்தான்.

கடையில் பொருத்தும் உபரிகள் இதைவிட முக்கியமானவை. நானே ஒருமுறை டேப்புடன் வண்டிக்கு அடியில் படுத்து அளந்தபோது, இரு ஆக்சில்களுக்கும் இடையே மிகத் தாழ்ந்து இருந்தது நிறுவனம் கொடுத்த எந்தப் பாகமும் அல்ல, ஏறுவதற்கு வசதியாக நான் பின்னர் போட்டுக்கொண்ட பக்கப் படிக்கட்டுதான் என்று கண்டு சிரித்துக்கொண்டேன். பின்னால் பொருத்தும் இழுவைக் கொக்கி டிபார்ச்சர் கோணத்தையும், முன்னால் பொருத்தும் கூடுதல் பம்பர் அப்ரோச் கோணத்தையும் இப்படியே தின்றுவிடும்.

தாழ்ந்திருப்பது எது என்பதும் எவ்வளவு தாழ்வு என்பதற்கு இணையான கேள்வி. தடித்த வார்ப்பிரும்புக் கிரவுன் கல்லில் உரசினால் கீறல் விழும், பயணம் தொடரும். அதே உயரத்தில் எஞ்சின் ஆயில் தங்கும் அலுமினியத் தொட்டியான சம்போ எரிபொருள் டேங்கோ பாதுகாப்புத் தகடு இல்லாமல் இருந்தால், அதே உரசல் வண்டியைக் காட்டிலேயே நிறுத்திவிடும். 210 மில்லிமீட்டரில் தகடு போர்த்திய வண்டியையும், 220 மில்லிமீட்டரில் சம்ப் வெளியே தெரியும் வண்டியையும் கொடுத்தால், நான் யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன்.

ஆகவே ஷோரூமுக்குப் போகும்போது ஒரு டேப்பும் டார்ச்சும் கொண்டுபோவது நல்லது. சமதளத்தில், டயர்களில் பரிந்துரைத்த காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன் ஆக்சில், நடுவயிறு, பின் ஆக்சில் என மூன்று இடங்களில் அளந்து, ஒவ்வோர் இடத்திலும் தாழ்ந்திருக்கும் பாகத்தின் பெயரையும் அது நடுவிலிருந்து எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் நான்கு பேரை வண்டியில் உட்காரவைத்து மீண்டும் அளக்கலாம். விற்பனையாளர் வியப்பாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

அந்தக் குறிப்பு ஓட்டும்போதும் பயன்படும். பாதையின் நடுவே பாறை நிற்கும்போது, அதை இரு சக்கரங்களுக்கும் நடுவே விட்டுக் கடக்கலாம் என்பதே பழக்கமற்றவரின் முதல் எண்ணம். அங்கேதான் கிரவுன் தொங்குகிறது. சக்கரத்தையே பாறையின் மேல் ஏற்றினால், 200 மில்லிமீட்டர் உயரப் பாறையில் சாலிட் ஆக்சிலின் நடுப்பகுதி சுமார் 100 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். கிரவுன் வலப்பக்கம் தள்ளியிருக்கும் வண்டியில் வலச் சக்கரத்தை ஏற்றினால் அது இன்னும் கூடுதலாக உயரும்.